கல் பறவையைத் திருப்பி வைத்த நாள்

கல்லில் செய்த ஒரு படத்தைப் பற்றி எழுத நான் யார் என்று நினைத்து, இந்தக் கிழமை முழுக்கப் பேனையை எடுப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன். நாலு பேர் கூடுகிற இடத்தில் கதவோரக் கதிரையாகப் பார்த்து உட்காருகிறவன். சென்ற கிழமை இந்தப் பத்தியில் வந்ததைப் படித்துவிட்டு ஒரு பெண்மணி என் மனைவி மலரிடம், "உங்கடை மனுசன் இவ்வளவு கதைப்பாரெண்டு எனக்குத் தெரியாது" என்றாராம். மலர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இது படித்தவர்கள் எழுத வேண்டிய விஷயம். ஆனால் அவர்கள் யாரும் அந்த அறையில் இருக்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் மலரும் வேலை செய்த வீட்டுக்காரர் இத்தாலியனில் சொன்னதையும் எனக்கு வருகிற தமிழிலேயே எழுதுகிறேன்.

கதிரையில் ஏறினேன்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. மாரி முடிகிற நேரம். பலெர்மோவின் கால்சாப் பகுதியில், துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு பழைய மாளிகையின் மேல்மாடி. படுக்கையறைக் கட்டிலில் சிஞ்ஞோரா கறுப்புச் சட்டையோடு நீட்டி நிமிர்ந்து கிடந்தார். சிஞ்ஞோரா என்றுதான் நாங்கள் எல்லோரும் வேலை செய்கிற வீட்டு எசமானியைச் சொல்வோம். விடியும்போது மூச்சு நின்றிருந்தது. விரல்களில் செபமாலையைச் சுற்றிவிட்டிருந்தார்கள். மெழுகுதிரி வாசமும் பழைய மருந்து வாசமும் அறையில் கலந்து நின்றன.

மகள் கொன்செத்தா ஒவ்வொரு அறையாகப் போய் முகம் பார்க்கும் கண்ணாடிகளை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார். அது அவர்கள் வழக்கம். எங்கள் பக்கத்தில், செத்தவீட்டில் சுவரில் தொங்கும் படங்களைத் திருப்பிவிடுவோம். உடல் வீட்டை விட்டுப் போகும்வரை சாமிப்படமானாலும் கலியாணப்படமானாலும் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

யாரும் சொல்லாமலே என் கை அதைச் செய்யத் தொடங்கியது. சிஞ்ஞோராவின் கணவர் படம், மகன் பட்டம் வாங்கிய படம், கொன்செத்தா சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய படம் எல்லாவற்றையும் திருப்பினேன். கடைசியில் மிஞ்சியது கட்டிலுக்கு நேர் எதிரே தொங்கிய கல் பறவை.

"உதைத் தொடாதேங்கோ," என்றாள் மலர். "மனுசி உயிரோடை இருக்கேக்கை துணி வைச்சுத் துடைக்கவே விடாதவ."

"எல்லாம் திரும்பி நிக்க, உது மட்டும் அவவைப் பாத்துக்கொண்டு நிண்டா சரியில்லை."

"விழுத்தினியளெண்டா ஆர் பதில் சொல்லுறது?"

நான் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன்.

ஒரு சொட்டுச் சாயமும் இல்லை

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு சின்ன மேசையின் பலகை அளவு இருக்கும். கன்னங்கரிய கல்தரை. அதில் ஒரு கிளை. கிளையில் ஒரு நீலப் பறவை. அலகுக்கு எட்டாத ஒரு விரல் தூரத்தில் ஒரு கொத்துச் செர்ரிப்பழம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை யாரோ வரைந்த படம் என்றே நினைத்தேன். அப்போது சிஞ்ஞோரா தடியை ஊன்றி நடந்து திரிந்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "கிட்ட வந்து பார்," என்றார். "ஒரு சொட்டுச் சாயமும் இதிலை இல்லை. முழுக்கக் கல்லு."

கல்லைப் பிஸ்கட் போல மெல்லிசாக அறுத்து, இலையென்றால் இலை வடிவத்துக்கு, இறகென்றால் இறகு வடிவத்துக்கு வெட்டி, மூட்டுத் தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் பொருத்துவார்களாம். புளோரன்ஸ் நகரத்து வேலை. கணவரின் பாட்டனார் கப்பலில் கொண்டுவந்ததாம்.

"அந்த இறகின்ரை ஓரம் வெளிறிக்கொண்டு போகுது பார். அது ஒருத்தரும் தீட்டினதில்லை. கல்லுக்குள்ளை எந்த இடத்திலை நீலம் வெளிறுதோ, அந்த இடத்தைத் தேடித் தேடி வெட்டி எடுத்திருக்கிறாங்கள்."

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் நான் அந்த இறகின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு கல்லுக்குள் அப்படி ஒரு இடம் இருக்கும் என்று நம்பிக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்த மனிதனை நினைப்பேன். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

தூசு தட்ட இறகுக் குச்சி மட்டும்தான். ஈரத்துணி கூடாது. கழற்றவே கூடாது. "ஒரு ஆள் பாரம். கழட்டினா சுவரும் சேந்து வரும்," என்பார்.

மலருக்கு அந்தப் பறவையைப் பிடிக்காது. "வாயைத் திறந்துகொண்டு எத்தனை வருசமா நிக்குது. ஒரு பழம் தின்னேல்லை. எங்கடை சிஞ்ஞோரீனா மாதிரித்தான்," என்பாள். சிஞ்ஞோரீனா என்றால் கலியாணம் கட்டாத பெண். கொன்செத்தாவைத்தான் சொன்னாள்.

பச்சை யன்னல் வீடு

கொன்செத்தாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். பக்கத்துப் பங்குப் பள்ளிக்கூடக் கந்தோரில் வேலை. மதியம் ஓடி வந்து தாய்க்குச் சாப்பாடு தீத்திவிட்டுத் திரும்பவும் ஓடுவார். பகலில் நாங்கள் இருந்தோம். இரவெல்லாம் அவர்தான். தமையன் சால்வோ மிலானில் குடும்பத்தோடு இருந்தார். நத்தாருக்கு வருவார், பெரிய கேக் கொண்டு வருவார்.

வீடு மகனுக்கு, பறவை மகளுக்கு. இது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். சிஞ்ஞோரா அதை ஒளித்ததில்லை. கொன்செத்தா முகம் வாடி நிற்கிற நாட்களில் தடியால் படத்தைக் காட்டி, "அங்கை பார், உன்ரை சீதனம். நான் போனபிறகு அதை வித்துப்போட்டு எங்கையெண்டாலும் போய் ராசாத்தி மாதிரி இரு," என்பார்.

எங்கே என்பதையும் கொன்செத்தா முடிவு செய்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், நாங்கள் தாயோடு இருக்கும் பொழுதில், ரயிலேறிப் பகேரியாவுக்குப் போவார். அங்கே யாரும் அவருக்கு இல்லை. ஒரு தெருவில் ஒரு சின்ன வீடு. பச்சை யன்னல், முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரம். கிழவர் ஒருவர் அதை விற்கப்போவதாகச் சொல்லிச் சொல்லி விற்காமல் இருந்தார்.

ஒருமுறை மலரையும் கூட்டிக்கொண்டு போனார். மலர் வந்து சொன்னாள்: "படலையடியிலை நிண்டு பாக்கிறா, உள்ளுக்குப் போகேல்லை. ஏன் சிஞ்ஞோரீனா உள்ளுக்குப் போய்ப் பாக்கலாமே எண்டு கேட்டன். வேண்டாம், என்ரையெண்டு ஆனபிறகு போவமெண்டு சொல்லுறா. கட்டில் எங்கை போடுறது, எந்தப் பக்கம் வெயில் வரும், எல்லாம் வெளியிலை நிண்டே சொல்லுறா."

இளவயதில் ரயில்வேக் கந்தோரில் வேலை செய்த ஒருவர் அவரைக் கேட்டு வந்தாராம். தாய்க்குத் துணையில்லை, கொஞ்சம் பொறுக்கட்டும் என்று சொன்னார்களாம். அவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜேர்மனிக்குப் போய்விட்டாராம். இதையும் கொன்செத்தா மலரிடம்தான் சொல்லியிருந்தார், பயற்றங்காய் உடைத்துக்கொண்டே.

கலண்டர்

படங்களைத் திருப்புவதில் எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று பிறகு மலர் கேட்டாள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

நான் பலெர்மோ வந்த புதிதில், மலர் வருவதற்கு முன், அல்பெர்கேரியாவில் ஒரு அறையில் பொடியங்களோடு இருந்தேன். கீழே பல்லாரோச் சந்தை. யன்னலைத் திறந்தால் மீன் வாசம், மூடினால் சுவரின் ஈர வாசம். அங்கே இருக்கும்போதுதான் அப்பா செத்த செய்தி வந்தது. ஊரில் நடந்த சண்டைக்குள் செத்தவர். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, கொழும்பில் இருந்த ஒரு சொந்தக்காரர் தொலைபேசியில் சொன்னார். எரித்து, காடாத்தி, எட்டாம் நாளும் முடிந்து, முப்பத்தோராம் நாளும் முடிந்துவிட்டது.

அறைக்கு வந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவரில் இருந்தது ஒரேயொரு படம், தமிழ்க் கடையில் தந்த முருகன் கலண்டர். அதைத் திருப்பிவிட்டு மெத்தையில் இருந்தேன்.

அறையில் எங்களோடு இருந்த குணம் அண்ணன் வேலையால் வந்தார். "ஆரடாப்பா கலண்டரைச் சுவருக்குக் காட்டினது? திகதி பாக்கிறேல்லையோ?" என்று திருப்பிவிட்டார். இரவு எப்படியோ விஷயம் தெரிந்து, அவர் எழும்பிப் போய் அதைத் திரும்பவும் சுவர்ப்பக்கம் மாற்றிவிட்டு, என் பக்கத்தில் வந்து படுத்தார். முப்பத்தொரு நாள் கணக்கில் அந்தக் கலண்டர் அப்படியே நின்றது. அந்த மாதம் எல்லோரும் திகதியை வெளியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

அப்பாவுக்கு நான் செய்தது அது ஒன்றுதான். அதனால் சிஞ்ஞோராவுக்கும் அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று பட்டது.

பாரம் இல்லை

கதிரையில் நின்று, காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் படத்தைத் தூக்கினேன். ஒரு ஆள் பாரம் என்று நினைத்துத் தூக்கியதால் அது விசுக்கென்று மேலே வந்தது. நான் பின்பக்கமாகச் சரிந்தேன். மலர் என் இடுப்பைப் பிடித்திருக்காவிட்டால் நானும் படமும் கட்டிலில் விழுந்திருப்போம்.

"என்னப்பா, பாரமில்லையோ?"

"இல்லை. கால்மூட்டை அரிசியளவும் வராது."

பின்பக்கம் ஒரு பலகை. பலகையில் சாக்குத்துணி ஒட்டி, அதன்மேல் வெள்ளைச் சாந்து வழிந்து காய்ந்திருந்தது. எனக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. அப்படியே திருப்பிக் கொளுவிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கொன்செத்தா கையில் இன்னொரு துணியோடு உள்ளே வந்தார். திருப்பிய படங்களைப் பார்த்தார். "நீங்களும் இப்பிடிச் செய்யிறனீங்களோ," என்று மெல்லக் கேட்டார். முகத்தில் ஒரு கனிவு வந்தது. அப்போதுதான் அவர் கண் எதிர்ச்சுவருக்குப் போனது.

துணி கையில் இருந்தபடியே நின்றார்.

"அதை இறக்கு," என்றார்.

இறக்கிக் கதிரையில் சாய்த்து வைத்தேன். உள்ளங்கையை அந்தச் சாந்தில் வைத்துப் பார்த்தார். ஓரம் ஓரமாகத் தடவினார்.

"இதுக்குப் பின்னாலை சிலேட்டுக் கல்லு இருந்தது," என்றார். "நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை சுவருக்குக் கடதாசி ஒட்ட எண்டு கழட்டிக் கீழை வைச்சவை. ரெண்டு ஆம்பிளையள் பிடிச்சவை. நான் ஒரு ஆணியாலை சிலேட்டிலை ஒரு தோணி கீறினன். அப்பா அடிச்சவர்."

பிறகு என்னைப் பார்த்தார். "நீ இதை எப்பவாவது கழட்டினனியோ?"

அந்த ஒரு கணத்தில் பொலிஸ், வதிவிட அனுமதி, வேலை எல்லாம் மனதில் ஓடின. மலர்தான் சொன்னாள்: "அந்தோனியாரறிய இல்லை, சிஞ்ஞோரீனா. இண்டைக்குத்தான்."

கொன்செத்தா அதைக் காதில் வாங்கவில்லை. எழுந்து சுவரைப் பார்த்தார். படம் தொங்கிய இடத்தில் சுவர்க்கடதாசி புதுசு போல ரோசாப் பூவோடு இருந்தது. சுற்றிவர எல்லாம் மங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. ஆணி துருப்பிடித்துச் சுவரோடு சுவராய் இருந்தது. "உங்களைச் சொல்லேல்லை," என்றார். "இது உங்களுக்கு முந்தினது."

தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினார். படத்தைத் திருப்பி, இலைக்குக் கீழே மறைந்திருந்த ஒரு பழத்தில் கீறினார். கல்லென்றால் ஊசிதான் மழுங்கும். பழத்தில் கோடு விழுந்தது. சிவப்புத் தூள் அவர் மடியில் உதிர்ந்தது. சாந்தில் சாயம் குழைத்துச் செய்த போலிப் பறவை.

அவர் அழவில்லை. தாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எங்களுக்குச் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார்:

"எனக்குப் பத்தொன்பது வயசிலை, ஒரு கோடைக்கு அம்மா என்னைப் பெரியம்மா வீட்டை அனுப்பினவ. அப்பா செத்த வருசம். வீட்டிலை காசில்லை. திரும்பி வரேக்கை கடன்காரர் வாறது நிண்டிட்டுது. அந்த மாரியிலைதான் முதல்முதலாச் சொன்னவ, கொன்செத்தா, பறவை உனக்குத்தான் எண்டு."

மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணருக்குச் சொல்லுங்கோ, சிஞ்ஞோரீனா," என்றாள். "வீட்டிலை ஒரு பங்கு தருவார்."

"என்னெண்டு சொல்லுறது? அம்மாவை முன்னுக்குக் கிடத்தி வைச்சுக்கொண்டு, இவ என்னை ஏமாத்தினவ எண்டோ? இன்னும் கொஞ்ச நேரத்திலை சனம் கை முத்தமிட வரும்."

"பிறகு சொல்லலாம்தானே."

"பிறகு சொன்னா நம்புவானோ? இத்தனை வருசமா இந்த அறையிலை படத்தோடை இருந்தது ஆர்? நான்."

அவர் மடியில் கிடந்த தூளைத் தட்டி, கைக்குட்டையில் துடைத்தார். "முகம் வெளியிலை தெரியக் கொளுவிவிடு, யோகன். மற்றப் படங்கள் அப்பிடியே நிக்கட்டும்."

கொளுவினேன். சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரே படம் அதுதான்.

மெதுவா, மெதுவா

சால்வோ விமானத்தில் பின்னேரம் வந்து சேர்ந்தார். தாயின் காலடியில் விழுந்து அழுதார். நல்ல மனிதர்தான், பொய்யழுகை இல்லை. அழுது முடிந்து, முகம் கழுவி, கோப்பி குடிக்கும்போது படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வீட்டிலை பெறுமதியான சாமான் இது ஒண்டுதான். உனக்குக் கிடைச்சிட்டுது. எனக்கு ஒழுகிற கூரைதான் மிச்சம்," என்றார். "நான் பொறாமைப்படேல்லை, கொன்செ. நீ அவவைப் பாத்தனி. எனக்குத் தெரிஞ்ச ஒரு வியாபாரி இருக்கிறான், கூட்டிக்கொண்டு வாறன். நல்ல விலைக்குப் போகும்."

"வேண்டாம்," என்றார் கொன்செத்தா. "விக்க மனமில்லை."

"பின்னை பகேரியா வீடு?"

"எனக்கு இஞ்சை பழகிப்போச்சு."

தமையன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீ எப்பவும் இப்பிடித்தான். கையிலை வந்தாலும் பிடிக்கத் தெரியாது," என்று சொல்லித் தங்கையின் தலையைத் தடவினார். நான் கோப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். அங்கே மலர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

சிஞ்ஞோராவை அடக்கம் செய்துவிட்டு வந்த பின்னேரம், கொன்செத்தா படத்தை இறக்கச் சொன்னார். வீடு கைமாறும் வரை பள்ளிக்கூடத்தில் தனக்குத் தெரிந்த அறையில் வைக்கப் போவதாகத் தமையனிடம் சொன்னார். போர்வையால் சுற்றிக் கட்டினார்.

சால்வோ சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தார். "நானும் பிடிக்கிறன். இது ஒரு ஆள் பாரமெல்லோ?"

"உன்ரை முதுகுக்குக் கூடாது. யோகன் பிடிப்பான்."

ஒரு பக்கம் கொன்செத்தா, ஒரு பக்கம் நான். நான் முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்துத் தூக்கினேன். அவரும் அப்படியே. ஒவ்வொரு படியாக இறங்கினோம். படி திரும்புகிற இடங்களில் நிலத்தில் வைத்து மூச்சு வாங்கினோம். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நெற்றியில் உண்மையாகவே வியர்வை இருந்தது. மேலே கைபிடியில் சாய்ந்துகொண்டு தமையன், "மெதுவா, மெதுவா, கல்லு வெடிச்சிடும்," என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

தெருவுக்கு வந்தும் அப்படியே நடந்தோம், தமையன் யன்னலால் பார்ப்பார் என்று. மூலை திரும்பியதும் கொன்செத்தா நின்றார்.

"விடு," என்றார்.

நான் கையை எடுத்தேன். அவர் அதைத் தனியே தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடப் பக்கம் விறுவிறென்று நடந்து போனார்.

மறுநாள் காலை, வீட்டை விற்பதற்காக அளக்க, சால்வோ அனுப்பிய ஒருவர் வந்தார். கொன்செத்தா வேலைக்குப் போயிருந்தார். நான் கதவைத் திறந்துவிட்டேன்.